ஜூரி தேர்வுல சிறுபான்மையினர் எங்க விட்டுப்போறாங்க? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கால ஒரு பெரிய கேஸ் வந்தா எல்லாரும் பாக்கறது ஜூரியா, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொதுமக்களா, கடைசியா உக்கார்ற அந்த 12 பேரைத்தான், அதுல கறுப்பினத்தவர் எத்தனை, லத்தீனோ எத்தனைன்னு எண்ணிட்டு இது அநியாயம்னு சொல்லிடறோம். கோபம் நியாயம்தான், ஆனா முதல் தப்பு அங்கயே நடக்குது. அந்த 12 பேர்ல இத்தனை பங்கு தரணும்னு சட்டம் சொல்லவே இல்ல. 1975 டெய்லர் வழக்குலயும் 1979 டூரன் வழக்குலயும் உச்ச நீதிமன்றம் சொன்னது, எந்தக் கூட்டத்துல இருந்து ஜூரியைப் பொறுக்குறாங்களோ அந்தக் கூட்டம் ஊர்ல இருக்குற மக்களோட கலவையா இருக்கணும்ங்கறதுதான். அதனால 12 பேரைக் காட்டி வாதாடினா நிக்காது, சம்மன் யாருக்குப் போச்சு, யார் வந்தாங்கன்னு பதிவுகளைக் கேட்டு வாங்கணும், ஃபெடரல் கோர்ட்ல (மத்திய அரசோட கோர்ட்) அதைப் பாக்குற உரிமை 1968 சட்டத்துலயே இருக்கு, கேக்காம விடறவங்கதான் ஜாஸ்தி.

அடுத்து, "யாரும் வேணும்னு பண்ணல, அப்புறம் என்ன?"ன்னு விட்டுடறது. கனெக்டிகட் மாநிலத்துல ஹார்ட்ஃபோர்டுன்னு ஒரு நகரம், அந்தப் பகுதியோட கறுப்பின, ஹிஸ்பானிக் மக்கள்ல பெரும் பகுதி அங்கதான் இருந்தாங்க. கோர்ட் கம்ப்யூட்டர்ல ஊர் பேருக்கு இடம் பத்தல, ஹார்ட்ஃபோர்டோட கடைசி எழுத்தான "டி" (d) பக்கத்து கட்டத்துல போய் விழுந்துடுச்சு, அந்தக் கட்டத்துல "டி" இருந்தா ஆள் இறந்துட்டார்னு அர்த்தம்! ஒரு நகரத்தையே செத்தவங்க கணக்குல எழுதிட்டு கம்ப்யூட்டர் அங்க யாருக்கும் சம்மன் அனுப்பல. கெட்ட எண்ணம் ஒரு பொட்டு இல்ல, ஆனா 1992ல ஃபெடரல் நீதிபதி இது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னார். டூரன் வழக்கு கேக்குறதும் அதான், விடுபட்டது அந்த முறையாலயே வந்ததான்னு பாரு, உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்ல. சாஃப்ட்வேர் பண்ற வேலைன்னு நம்பி பட்டியலை வருஷக்கணக்கா திறந்தே பாக்காத கோர்ட்டுகளுக்கு இது ஒண்ணு போதும்.

வாக்காளர் பட்டியல் ஒண்ணை மட்டும் நம்புறதும் தப்பு. ஓட்டுக்குப் பதிவு பண்ணாதவங்க, வாடகை வீடு அடிக்கடி மாத்துறவங்க எல்லாம் அதுலயே உதிர்ந்துடுவாங்க, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி மத்த பட்டியலையும் சேக்கணும், விலாசத்தைப் புதுப்பிக்கணும், திரும்பி வந்த சம்மனுக்கு மறுபடி அனுப்பணும். ஃபெடரல் கோர்ட்ல ஒரு நாளைக்கு 50 டாலர்தான் படி, பல மாநில கோர்ட்டுகள்ல அவ்வளவு கூட கிடையாது. கூலி வேலை பாக்குறவர் எப்படி வருவார் சொல்லுங்க.

இதெல்லாம் தாண்டி கோர்ட் ரூமுக்குள்ள வந்தா அங்க நடக்கறதுதான் கொடுமை. காரணமே சொல்லாம சில பேரை நீக்குற உரிமை ரெண்டு தரப்புக்கும் உண்டு. 1986 பேட்சன் வழக்குல, இனத்தைப் பாத்து நீக்கக் கூடாது, சந்தேகம் வந்தா அரசு வக்கீல் காரணம் சொல்லணும்னு ஆச்சு. இங்க நடக்குற தப்பு என்னன்னா சொல்ற காரணத்தை அப்படியே ஏத்துக்கறது. நீள முடி, தாடின்னு சொன்ன காரணம் கூட 1995ல உச்ச நீதிமன்றத்துல தப்பிச்சது. காரணத்தைத் தனியா பாக்காதீங்க, அதே காரணம் பொருந்துற வெள்ளைக்காரரை என்ன பண்ணாங்கன்னு ஒப்பிட்டுப் பாருங்க. ஜார்ஜியால ஃபாஸ்டர் வழக்குல 34 வயசு கறுப்பினப் பெண்ணை, 19 வயசு குற்றவாளியோட வயசுக்குக் கிட்டன்னு சொல்லி நீக்கினாங்க, ஆனா 21 வயசு வெள்ளைக்காரர் ஜூரியில உக்காந்தார்! பல வருஷம் கழிச்சு அரசுத் தரப்பு ஃபைல் வெளிய வந்தா கறுப்பினத்தவர் பேரு மேல எல்லாம் பச்சை ஹைலைட்டர். 1987ல நடந்த விசாரணைக்கு 2016லதான் நியாயம் கிடைச்சது.

மிசிசிப்பில கர்டிஸ் ஃபிளவர்ஸை ஒரே கேஸ்ல 6 தடவை விசாரிச்சாங்க, அரசு வக்கீல் நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பினத்தவர்ல 41 பேரை நீக்கினார். ஆறாவது விசாரணைல, நீக்கின 5 கறுப்பினத்தவர்கிட்ட மொத்தம் 145 கேள்வி, ஜூரில உக்காந்த 11 வெள்ளைக்காரங்ககிட்ட மொத்தமே 12 கேள்வி. கேள்வியை எண்ணினாலே போதும், மனசைத் தோண்ட வேண்டாம். 2019ல தீர்ப்பை ரத்து பண்ணாங்க, 2020ல வழக்கையே கைவிட்டாங்க.

டிஃபென்ஸ் (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) வக்கீல்களுக்கு: ஆட்சேபணையை ஜூரி சத்தியப் பிரமாணம் எடுக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, அப்பீல்ல பாத்துக்கலாம்னு இருந்தா பெரும்பாலும் போச்சு. கட்சிக்காரர் அதே இனமா இருக்கணும்னும் இல்ல, 1991ல பவர்ஸ்ங்கற வெள்ளைக்காரர், கறுப்பினத்தவரை நீக்கினதை எதிர்த்து ஜெயிச்சார். 1992ல இருந்து இந்தத் தடை உங்களுக்கும் உண்டு, அதை மறந்துட்டு நீங்களே இனம் பாத்து நீக்காதீங்க. "போலீஸ் மேல நம்பிக்கை இல்ல", "சொந்தக்காரர் அரெஸ்ட் ஆகிருக்கார்" மாதிரி நீக்கறதுக்குச் சொல்ற காரணங்களை கலிஃபோர்னியா சட்டமே சந்தேகத்தோட பாக்குது, அரிசோனா 2022ல காரணமில்லாம நீக்குற உரிமையையே எடுத்துருச்சு, என்னைக் கேட்டா அதான் சரி.

அங்க குடியுரிமை வாங்கின நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு. ஆக்சென்ட் இருக்கு நமக்கு எதுக்குன்னு சம்மனை ஓரமா வைக்காதீங்க, படிவத்தை நிரப்புற அளவுக்கு இங்கிலீஷ் படிச்சு எழுதத் தெரிஞ்சு, புரிஞ்சு பேசினா போதும், ஆக்சென்ட் ஒரு தடை இல்ல. ஃபெடரல் படிவத்துல இனம் என்னன்னு ஒரு கேள்வி வரும், நம்மளை ஒதுக்கத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சு நெறைய பேர் காலியா விட்டுடறாங்க, ஆனா பாகுபாடு நடக்குதான்னு கண்டுபிடிக்கத்தான் அது இருக்கு, தேர்வுக்குத் தகுதியை அது மாத்தாது. அதை நிரப்பி அனுப்பினாத்தான் யார் விடுபட்டாங்கன்னு எண்ணவே முடியும்.