மோசல் ரீஸ்லிங்: முதல் பாட்டில் வாங்கப் போறவங்களுக்கு

ஜெர்மனியில இருக்குற ட்ரியர் ஊருக்குக் குடிவந்த புதுசுல நான் வாங்குன முதல் ரீஸ்லிங் பாட்டில (ரீஸ்லிங்னா ஒரு வெள்ளைத் திராட்சை, அதுல செய்யுற ஒயினுக்கும் அதே பேருதான்) நினைச்சா இன்னும் பல்லு கூசுது. லேபிள்ல ஷ்பேட்லேஸன்னு போட்டிருந்துச்சு, அப்படிப் போட்டிருந்தா இனிப்பா இருக்கும்னு யாரோ சொன்னத நம்பி வாங்கிட்டு வந்து, வீட்டுக்கு வந்தவங்களுக்கும் ஊத்திக் கொடுத்துட்டேன், ஒரு வாய் குடிச்சதும் எல்லாரும் பச்சை மாங்காயக் கடிச்ச மாதிரி மூஞ்சிய சுளிக்கிறாங்க. அப்புறம் பாட்டில திருப்பிப் பார்த்தா ஓரத்துல பொடி எழுத்துல ஆல்கஹால் 12.5%னு இருக்கு. அந்த ஒரு நம்பர கடையிலயே பார்த்திருந்தா மானம் போயிருக்காது.

முதல்ல இடத்தப் பத்தி கொஞ்சம். மோசல்ங்கிறது ட்ரியர்ல இருந்து கோப்லென்ஸ் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போய் ரைன் ஆத்துல சேருற ஆறு. கிட்டத்தட்ட 50 டிகிரி வடக்கு, திராட்சை பழுக்குறதே அங்க பெரிய விஷயம். நம்ம பாட்டிங்க எழுதிப் பழகுன சிலேட்டு இருக்கே, அந்த ஜாதிக் கல்லுதான் சரிவு முழுக்க உடைஞ்சு கிடக்கும், பகல்ல வாங்குன வெயில ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். பிரெம்னு ஒரு ஊர்ல இருக்குற கால்மோன்ட் சரிவு சில இடத்துல 60 டிகிரியைத் தாண்டும், நின்னு பார்த்தாலே தலை சுத்தும், வேலை முக்கால்வாசி கையாலதான். குளிருல பழம் மெதுவா பழுக்குறதால புளிப்பு குறையாம அப்படியே தங்கிடும். ரீஸ்லிங்கோட உயிரே அந்தப் புளிப்புதான்.

ஸ்டெப் 1: ஆல்கஹால் நம்பரப் பாருங்க

வேற எதுவும் புரியலன்னாலும் இது ஒண்ணு போதும். திராட்சை ஜூஸ்ல இருக்குற சர்க்கரையத் தின்னுட்டு ஈஸ்ட் ஆல்கஹால் ஆக்குது, லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை போனா 1% ஆல்கஹால் வரும்னு வெச்சுக்கோங்க. ஈஸ்ட்ட முழுசா வேலை செய்யவிட்டா சர்க்கரை காலி, ஆல்கஹால் 12 பக்கம் போய் நிக்கும். 8ல நிறுத்திட்டா மிச்ச சர்க்கரை பாட்டில்லயே தங்கிடும். அதனால 7.5ல இருந்து 9 வரைக்கும் இருந்தா இனிப்பு, 10.5, 11ன்னா நடுத்தரம், 12க்கு மேலன்னா பெரும்பாலும் இனிப்பே தெரியாது.

இனிப்புன்னதும் சிரப் மாதிரி நினைச்சுடாதீங்க. எலுமிச்சை ஜூஸ்ல எவ்ளோ சர்க்கரை போடுறோம், குடிக்கும்போது அது உறைக்குதா? அதே கணக்குதான் இங்கயும், லிட்டருக்கு 40, 50 கிராம் சர்க்கரை இருக்குற பாட்டில்கூட புளிப்பு இழுத்துப் பிடிக்கிறதால லேசாத்தான் இறங்கும்.

ஸ்டெப் 2: ட்ரோக்கன்னு எழுதியிருக்கா

ட்ரோக்கன்னா இனிப்பில்லாதது, சட்டப்படி லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான். ஹால்ப்ட்ரோக்கன்னா 18 கிராம் வரைக்கும். ஃபைன்ஹெர்ப்னு ஒண்ணு வரும், அதுக்கு சட்டத்துல அளவே கிடையாது, தயாரிக்கிறவர் மனசுக்குத் தோணுனபடி போடுறது, பெரும்பாலும் லேசான இனிப்பு. ஒண்ணுமே எழுதலையா, மறுபடி ஸ்டெப் 1க்குப் போங்க.

ஸ்டெப் 3: கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ

நான் ஏமாந்தது இங்கதான். இது மூணும் பாட்டில்ல எவ்ளோ இனிப்புன்னு சொல்றதில்ல, பறிக்கும்போது பழம் எவ்ளோ பழுத்திருந்துச்சுங்கிறதச் சொல்லுது. 1971 ஒயின் சட்டத்துல வந்த வரிசை இது. நல்லா பழுத்த ஷ்பேட்லேஸ பழத்த எடுத்து முழுசா புளிக்க வெச்சா ட்ரோக்கன், பாதியில நிறுத்துனா இனிப்பு, பேரு ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆரம்பத்துக்கு என் ஓட்டு 8%, 8.5% இருக்குற கபினெட்டுக்குத்தான். விலையும் கம்மி, போதையும் கம்மி. ஐஸ்வைன் பக்கம் இப்போ போகாதீங்க, மைனஸ் 7 டிகிரிக்குக் கீழ பழம் கொடியிலயே உறைஞ்சாத்தான் அது உண்டு, விலையப் பார்த்தா நமக்கும் உறைஞ்சிரும்.

ஸ்டெப் 4: ஊர்ப் பேர்ல இருக்குற பொறி

லேபிள்ல ரெண்டு பேர் சேர்ந்து வரும், முதல்ல கிராமம், அடுத்து தோட்டம். வேலனர் சொன்னென்ஊர்னா வேலன் கிராமத்து சூரியக் கடிகாரத் தோட்டம் (இந்த ஊர் நம்ம ஊர் இல்ல, ஜெர்மன்ல கடிகாரம்), 1842ல கட்டுன சூரியக் கடிகாரம் இன்னும் சரிவு நடுவுல நிக்குது. ஆனா பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரெப்ஷன்னா ஒரே ஒரு பேர்போன சரிவு, பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்னா அக்கம்பக்கத்துப் பல கிராமத்து பழமும் வரக்கூடிய பெரிய ஏரியா. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசத்தப் பல பாட்டில்ல லேபிளும் சொல்லாது. இந்தக் குழப்பம் எனக்கு சுத்தமா பிடிக்கல. தப்பிக்க ஒரு சின்ன வழி, குட்ஸ்அப்ஃப்யூலுங்னு எழுதியிருக்கான்னு பாருங்க, சொந்தத் தோட்டத்துப் பழத்துல தாங்களே செஞ்சு அடைச்சதுன்னு அர்த்தம்.

ஸ்டெப் 5: குளிர வைங்க, ஊத்துங்க

ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு மணி நேரம், எடுத்து ஒரு பத்து நிமிஷம் வெளிய. 8ல இருந்து 10 டிகிரிதான் சரி, ரொம்ப சில்லுன்னு இருந்தா வாசனையே வராது. அவசரம்னா பக்கெட்ல ஐஸோட தண்ணியும் ஊத்தி பாட்டில முக்குங்க, வெறும் ஐஸ் மட்டும் போட்டா லேட்டாகும். வாய் குறுகலான கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு ஊத்தி மோந்து பாருங்க, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், பீச் பழம் வரும். வயசான பாட்டில்னா மண்ணெண்ணெய் வாடை அடிக்கலாம். கெட்டுப்போகல, பழைய ரீஸ்லிங்கோட அடையாளமே அதுதான், சிலர் அதுக்காகவே தேடித் தேடி வாங்குறாங்க.

கூட சாப்பிட காரமா ஏதாவது இருந்தா இனிப்பு கபினெட்தான் தோது, சர்க்கரை காரத்த அடக்கும், 12.5% ட்ரோக்கன்ன அதோட குடிச்சா நாக்கு இன்னும் எரியும். மிச்சமிருந்தா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூணு நாலு நாள் தாங்கும், ரெண்டாவது நாள் வாசனை இன்னும் நல்லா விரிஞ்சிருக்கும். கடைசிக் கிளாஸ் ஊத்தும்போது அடியில கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுன்னு ஏதாவது விழுந்தா பதறிப்போய் கடைக்கு ஓடாதீங்க, ஒயின்ல இருக்குற டார்டாரிக் அமிலம் குளிருக்கு உப்பா படிஞ்சது அது, அப்படியே விட்டுட்டு மேல இருக்குறத குடிக்கலாம்.