மலை வெயிலைச் சமவெளியின் அளவுகோலால் அளக்கும் தவறு

2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தின் வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1951 முதல் உள்ள பதிவுகளில் அங்கே அவ்வளவு வெப்பம் அதற்கு முன் பதிவானதில்லை. அதே நாட்களில் ஈரோட்டிலும் சேலத்திலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்ததால், இந்த 29 டிகிரியைப் பலர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் வாழ்பவர்களும் மலைக்கு வருபவர்களும் செய்யும் தவறுகளில் முதன்மையானது இதுதான். மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஓர் உடலோ வீடோ பயிரோ வெப்பத்தைத் தாங்குமா என்பது வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பொறுத்ததன்று. அந்த எண் அவ்விடத்தின் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்திய வானிலை ஆய்வு மையமும் இதைக் கணக்கில் கொள்கிறது. வெப்ப அலை என்று சொல்ல, சமவெளியில் 40 டிகிரியும் மலைப்பகுதியில் 30 டிகிரியும் அடிப்படை வரம்புகள். அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். உதகையில் அப்போது வழக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. 30 என்ற வரம்பை எட்டவில்லை என்பதால் அது வரையறைக்கு வெளியே நின்றது. ஆகவே, எச்சரிக்கை அறிவிப்பு வரவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது.

குளிருக்குப் பழகிய ஊர்கள் வெப்பத்தில் என்ன பாடுபடும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெயிலில் நடந்தவர்கள் அல்லர், வீட்டுக்குள் இருந்தவர்கள். குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட வீடுகள், வெப்பத்தை உள்ளே அடைத்துவைத்தன.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நம் வீடுகளும் குளிரை நினைத்துக் கட்டப்பட்டவைதாம். சிறிய சன்னல்கள், தாழ்ந்த கூரை, தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஓடு ஆகியவை சனவரியில் நமக்குத் துணை. ஏப்ரல் நண்பகலில் அவையே பகை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வாழும் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இதற்கு விடை உடனே ஏசி வாங்குவதன்று. ஏசி அறையின் வெப்பத்தைத் தெருவுக்குத் தள்ளுகிறது. அது தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், பகலில் திரை, பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவைத்தல் ஆகியவையே மலைக்குப் போதும், ஏனெனில் நம் இரவுகள் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கின்றன.

காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் கடுமையில்லை என்று நம்புவது அடுத்த தவறு. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்களின் அளவு ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கொழுந்து பறிப்பவருக்கும் கேரட் அறுவடை செய்பவருக்கும் வியர்வை வந்தவுடனே காய்ந்துவிடுவதால், உடல் நீரை இழப்பது அவர்களுக்கே தெரிவதில்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் இடையிடையே நீர் அருந்த வேண்டும். தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் கண்டால் நிழலில் அமர்த்தி, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆனால், பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். அப்போது வாயில் நீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரையும் பயன்படாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடலை நனைத்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்க வேண்டும். மலைச்சாலையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால், இங்கே இந்த முதலுதவிக்குச் சமவெளியைவிட மதிப்பு அதிகம்.

“இந்த ஆண்டு உறைபனி இப்படிக் கொட்டியதே, பூமி எங்கே சூடாகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓரிடத்தின் ஒரு வாரம் வானிலை. பல்லாண்டுச் சராசரியே காலநிலை. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது. 2024 வரையிலான பதிவுகளில் மிக வெப்பமான பத்து ஆண்டுகள், 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளே. சூரியனே சூடாகிவிட்டது என்ற பேச்சும் சரியன்று. கொடைக்கானல் வானாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அச்சுழற்சியில் சூரிய ஆற்றல் மாறுவது ஏறத்தாழ 0.1 விழுக்காடே. 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்துவரும் ஆற்றலில் ஏறுமுகம் இல்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் முழுவதும் சூடாகியிருக்க வேண்டும். அதன் மேலடுக்கோ குளிர்ந்திருக்கிறது. கீழே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு கூடியதன் அடையாளம் அது. அவ்வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு என்ற நிலையிலிருந்து 420-ஐத் தாண்டிவிட்டது.

மழை நன்றாகப் பெய்தால் கவலையில்லை என்பதும் அரைகுறைக் கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. வெள்ளம் பார்த்த ஊரே மார்ச்சில் குடத்தோடு வரிசையில் நிற்பது இதனால்தான்.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூடு கூடுகிறது, ஆகவே காலியாகத் தெரியும் இடமெல்லாம் மரம் நடுவோம் என்று வரும் அன்பர்களை நீலகிரியிலும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் காண்கிறோம். உச்சிகளில் உள்ள புல்வெளி காலி இடமன்று. மலை மடிப்புகளில் சோலை எனப்படும் அடர்காடு, மேடுகளில் புல், அடியில் சதுப்பு என மூன்றும் சேர்ந்துதான் மழையை உறிஞ்சி ஓடைகளில் மெல்ல விடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) இங்கே நடப்பட்டன, பைனும் சேர்ந்தது. பழனி மலையின் மேல்மட்டத்தில் புல்வெளியின் பெரும்பகுதி இவற்றிடம் போய்விட்டது. புல் தன் கரிமத்தில் பெரும்பங்கை வேரிலும் மண்ணிலும் வைத்திருப்பதால் தீ வந்தாலும் அது தப்பும்; எண்ணெய்ச் சத்துள்ள கற்பூர மரத்தின் சருகோ தீயை வளர்க்கும். நட விரும்புவோர், சோலை அழிந்த இடத்தில் சோலை மரத்தையும், புல் அழிந்த இடத்தில் அந்தந்த மலையின் புல்லையும் வனத்துறையின் அனுமதியோடு நட வேண்டும். சீகைக் காட்டை ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பதும் தவறுதான். அதன் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கக் கூடும்.

சனவரி உறைபனியில் கருகிய புல் மார்ச்சில் எரிபொருளாக நிற்கிறது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையிலிருந்து நீர் அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் தோட்டக் குப்பையைக் கொளுத்துவதையும், சாலையோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பதையும் முற்றாக விட்டுவிட வேண்டும்.

மலையிலிருந்து மே மாதத்தில் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் இறங்குபவர்கள், இறங்கிய அன்றே நண்பகலில் அலையக் கூடாது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதியவர்களை விடியலிலோ மாலையிலோ அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை எடுப்பவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.