ஏற்காடு ஆரஞ்சுச் சாற்றை ஃபிரிட்ஜில் வைக்கும் முன் எவ்வளவு காய்ச்சலாம்?

ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கினால் இரண்டு காரியம் ஆகும். கெடுக்கும் கிருமிகள் 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடியிலேயே பெரும்பாலும் அழிந்துவிடும். பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதற்கு 90 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேண்டும். இந்த நொதி மாற்றிய பெக்டின் என்ற பழப்பசை, சாற்றிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர், கீழே மஞ்சள் மண்டி என்று நிற்பது இதனால்தான். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, குலுக்கிக் குடிக்கலாம்.

வீட்டுக்கு 72 டிகிரி போதும் என்பதே எங்கள் கருத்து. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சின் அருமையே அதன் மணம்தான். 90 டிகிரிக்குப் போனால் சாறு பிரியாது, ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். கமலா வகைச் சாற்றைச் சூட்டிலேயே வைத்திருந்தால் முட்டைக்கோஸ் வேகும் வாடைகூட வரும். அதிலுள்ள ஒரு கந்தகச் சேர்மம் சூட்டில் உடைவதுதான் காரணம்.

பிழிவதிலும் கவனம் வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை நொறுங்கும். விதையிலும் வெள்ளைத் தோலிலும் உள்ள பொருள், சாற்றின் புளிப்பில் மெல்ல லிமோனின் ஆகிக் கசக்கும். சூடு அதை வேகப்படுத்தும். பிழிந்த உடனே இனித்த சாறு காய்ச்சியபின் கசப்பது இப்படித்தான். கையால் இயக்கும் பிழிவானில் லேசாக அழுத்தி, உடனே வடிகட்டுங்கள்.

அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் போதும். அளவு கூடினால் சூடேற நேரமாகும். 40 முதல் 60 டிகிரிக்குள் சாறு நிற்கும் நேரமெல்லாம் நொதிக்குக் கொண்டாட்டம். மிதமான தீயில், அடிவரை கிளறிக்கொண்டே 75 வரை கொண்டுபோய் அரை நிமிடம் வையுங்கள். பாத்திரத்தின் ஓரமும் நடுவும் ஒரே சூட்டில் இருக்காது, அதற்காகத்தான் இந்த மூன்று டிகிரி கூடுதல்.

வெப்பமானியைச் சரிபார்க்கக் கொதிநீரை நம்பாதீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99. நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பாருங்கள், அது எந்த ஊரிலும் மாறாது.

கண்ணாடிப் பாட்டில்களை வெந்நீரில் சூடாக்கி வையுங்கள், குளிர்ந்த பாட்டில் விரிசல் விடும். சாறு சூடாக இருக்கும்போதே கழுத்துவரை ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் கவிழ்த்து வைத்தால் மூடியின் உட்புறமும் சுத்தமாகும். நிரம்ப ஊற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறுகிய நேரச் சூட்டில் வைட்டமின் சி அவ்வளவாகக் குறையாது. உள்ளே தங்கும் காற்றுதான் நாளடைவில் அதை அழிக்கும். பிறகு பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, அடுத்து ஐஸ் நீருக்கு மாற்றுங்கள். நேராக ஐஸில் வைத்தால் உடையும், அப்படியே ஆறவிட்டால் வாடை ஏறும்.

4 டிகிரியில் பச்சைச் சாறு இரண்டு நாள், 75 வரை காய்ச்சியது ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் அல்ல, உள் தட்டில் வையுங்கள். நெடுநேரம் மின்சாரம் இல்லாமல் சாறு வெதுவெதுப்பாகிவிட்டால் நாள் கணக்கு செல்லாது. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.