வடசென்னையில் குடும்பத்தோடு குடியேற: ஏரியா தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான குடும்பங்களில் எந்த ஏரியாவுக்குக் குடிபோவது என்று முடிவு செய்பவர் வேலைக்குப் போகிறவர். காலையில் கிளம்பி இரவில் திரும்பும் அவர், அந்த ஏரியாவில் விழித்திருக்கும் நேரமே கொஞ்சம்தான். நாள் முழுதும் அங்கே இருக்கப்போவது குழந்தையும், வீட்டைப் பார்த்துக்கொள்பவரும், வயதான அப்பா அம்மாவும். அந்தத் தண்ணீரில் சமைப்பதும், அந்தக் காற்றைச் சுவாசிப்பதும், லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையைக் கடப்பதும் அவர்கள்தான். வடசென்னையில் வீடு தேடும்போது நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன. வாடகை எவ்வளவு, ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்வியோடு அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. வீட்டிலேயே இருக்கப்போகிறவர்களின் நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வடசென்னை முழுவதும் ஒன்று என்று நினைப்பது

சினிமா பார்த்துவிட்டு ‘அந்தப் பக்கம் குடும்பம் இருக்க முடியுமா?’ என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. வியாசர்பாடியின் தெருக்களில் கால்பந்து ஆடி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பெண். பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் கடைக்குப் போய்வரக்கூடிய தெருக்கள் இங்கே நிறைய இருக்கின்றன. கெட்ட பெயருக்குப் பயந்து இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, கட்டுப்படியாகாத வாடகையில் தென்சென்னையில் திணறுவது முதல் தவறு.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. பெரம்பூர், கொளத்தூர், மாதவரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மீஞ்சூர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், எங்கே மலிவோ அங்கே போகலாம் என்று நினைப்பது. இவற்றின் தண்ணீர் வேறு, காற்று வேறு, வேலைக்குப் போகும் வழி வேறு. மாதவரம், மணலி, திருவொற்றியூர் மூன்றும் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. மீஞ்சூர் இன்றும் மாநகராட்சிக்கு வெளியே இருக்கிறது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எந்தத் தெருவரை வந்திருக்கின்றன என்பதில் இந்த வரலாறு இன்னும் தெரிகிறது. ஒரே ஏரியாவுக்குள்கூட ஒரு தெருவில் இணைப்பு இருக்கும், அடுத்த தெருவில் செப்டிக் டேங்க் லாரி நிற்கும்.

ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் வரை மட்டும் நேரம் பார்ப்பது

புரோக்கர் சொல்லும் பயண நேரம் ரயிலில் உட்கார்ந்த பிறகு தொடங்கி, இறங்கும்போது முடிந்துவிடும். உங்கள் பயணம் வீட்டு வாசலில் தொடங்கி அலுவலக வாசலில் முடிகிறது. மீஞ்சூரில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு மின்சார ரயில், சென்ட்ரலில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக மெட்ரோ, கிண்டியில் இறங்கி மறுபடி பஸ்ஸோ ஆட்டோவோ. ஒவ்வொரு மாற்றத்திலும் காத்திருப்பு உண்டு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் தாம்பரம் மார்க்கம்போல அடிக்கடி ரயில் கிடையாது. ஆந்திரா பக்கமும் வடமாநிலங்களுக்கும் போகும் விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் அதே தடத்தில் ஓடுவதால், அவற்றுக்கு வழிவிட்டு மின்சார ரயில் சிக்னலில் நிற்பதும் வழக்கம். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அன்றைய காலை முழுதும் தள்ளிப்போகும்.

அதே கிண்டி வேலைக்குத் திருவொற்றியூரிலோ காலடிப்பேட்டையிலோ வீடு எடுத்தால் கதை வேறு. விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்த நீல வழித்தடம் சென்ட்ரல், தேனாம்பேட்டை, கிண்டி வழியாக விமான நிலையம்வரை ஒரே வண்டியாகப் போகிறது. வாடகை மீஞ்சூரைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் மாதம் மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவாயிரத்தில் ஷேர் ஆட்டோ செலவைக் கழியுங்கள், ரயிலைத் தவறவிட்ட நாள்களில் சென்ட்ரலில் இருந்து பிடிக்கும் ஆட்டோவைக் கழியுங்கள். மிச்சம் நிற்கும் தொகைக்காக, குழந்தை தூங்கும் முன் வீடு திரும்பும் வாய்ப்பைக் கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. சில குடும்பங்களுக்கு அந்தத் தொகை பெரிய விஷயம். அவர்களுக்கு மீஞ்சூரே சரியாக இருக்கலாம். மின்சார ரயில் சீசன் டிக்கெட் மிகவும் மலிவு. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் என்றால் இதே திருவொற்றியூர் உங்களைத் தினமும் வாட்டும். உங்களுக்குப் பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர்தான் பொருத்தம். பெரம்பூரிலிருந்து பட்டரவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் நேரடி மின்சார ரயில் இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இருவர் வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ்கள் ஓடும் சாலைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால், மனைவியின் மாதப் பயணச் செலவே இல்லாமல் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போய் ‘டிராபிக்கே இல்லை’ என்று மகிழ்வதும் பொதுவான தவறு. திங்கள்கிழமை காலை அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம்வரை போய்ப் பாருங்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் மூன்றுக்கும் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் ஓடுகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் அவை வரிசைகட்டி நிற்கும் நாளில் பைக்கில் போகிறவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போன்ற இடங்களில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் அந்தத் திங்கள்கிழமைதான் தெரியும்.

சொந்த ஊர் தெற்கே இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் இறுதியில் நகரின் தெற்கு விளிம்பில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, ஊருக்குப் பஸ் ஏறப் போவதே வடசென்னைக்காரர்களுக்கு ஒரு பயணமாகிவிட்டது. மாதவரத்திலிருந்தும் தென்மாவட்டங்களுக்குச் சில பஸ்கள் கிளம்புகின்றன. அடிக்கடி ஊருக்குப் போகும் குடும்பம் இதையும் எடைபோடட்டும்.

வராத ரயிலுக்கு இன்றே விலை கொடுப்பது

மாதவரம், மூலக்கடை, ரெட்டேரி, கொளத்தூர் பக்கம் விளம்பரப் பலகைகளில் மெட்ரோ படம் இல்லாத மனையோ அடுக்குமாடியோ அரிது. மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரிக்கு ஒன்று, சோழிங்கநல்லூருக்கு ஒன்று என இரண்டு வழித்தடங்கள் வருவது உண்மை. பணி நடப்பதும் உண்மை. பணி முடியும்வரை பள்ளம் தோண்டிய சாலையும், தடுப்புத் தகடுகளும், மாற்றுவழியும்தான் உங்கள் தினசரி. வாடகைக்குப் போகிறவர் இன்று ஓடும் பஸ்ஸையும் ரயிலையும் மட்டும் நம்பி முடிவெடுப்பதே நல்லது. மெட்ரோ வந்த பிறகு அங்கே குடிபோக யாரும் தடுக்கப்போவதில்லை.

தண்ணீர் போகும் பாதையைக் கேட்காமல் விடுவது

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். புழல் ஏரி 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவும் 21.2 அடி உயரமும் கொண்டது. நிரம்பும்போது திறக்கப்படும் உபரிநீருக்கு ஒரு பாதை இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரசு வெள்ள எச்சரிக்கை விடும்போது வரும் பெயர்களைக் கவனியுங்கள்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம். பூண்டியிலிருந்து கொசஸ்தலை ஆற்றில் நீர் திறந்தால் மணலி புதுநகரும் எண்ணூரும் அந்தப் பட்டியலில் சேரும். இவற்றில் பல இடங்களில்தான் ‘குறைந்த விலையில் தனி வீடு’ கிடைக்கிறது. எல்லாத் தெருவும் மூழ்கும் என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது என்றால் தெருத்தெருவாக விசாரித்தே ஆக வேண்டும்.

விசாரிப்பது வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் இருப்பவர் ஆகியோரிடம் கேளுங்கள். ‘தண்ணீர் வருமா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் வராது’ என்றுதான் பதில் வரும். 2015இல் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் கரண்ட் இல்லை, எங்கே போய்த் தங்கினீர்கள் என்று கேட்டால் உண்மை தானாக வரும். அப்படியே கண்ணையும் ஓட்டுங்கள். மீட்டர் பெட்டியை மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா? சுவரில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் நிறம் மாறுகிறதா? வாசலில் புதிதாக ஒரு தடுப்புத் திண்டு கட்டியிருக்கிறார்களா? பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதால், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பல சாலைக்குக் கீழே போய்விட்டன. வாசலில் நின்றால் தெரு உங்கள் இடுப்பு மட்டத்தில் இருக்கும். அந்த வீட்டில் சாதாரண மழைக்கே சாக்கடை உள்ளே வரும்.

குடிக்கிற தண்ணீர் அடுத்த விஷயம். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் வெகுதூரம் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லிவருவது. கடலோரத் திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கத்திலும் பல போர்வெல்களில் உப்புத்தான். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பைப் பாருங்கள்; ஒரு துண்டு சோப்பைத் தேய்த்து நுரை வருகிறதா பாருங்கள். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் குழாயில் வரும் நேரம் எதுவென்று கேட்டு, அந்த நேரத்துக்கே போய் முதல் குடத்தைப் பிடித்து மோந்துபாருங்கள். பழைய குழாய்களில் சாக்கடை கலக்கும் தெருக்கள் இருக்கின்றன. முதல் குடத்தின் வாடையே சொல்லிவிடும். தண்ணீர் சரியில்லாத வீட்டில் கேன், லாரித் தண்ணீர், மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரி என்று வாடகை மிச்சம் கரைந்துவிடும்.

பகலில் மட்டும் காற்றைப் பார்ப்பது

மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன; எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள்; கொடுங்கையூரில் மாநகராட்சியின் பெரிய குப்பைக் கிடங்கு. மதியம் கடற்காற்று அடிக்கும்போது ஒன்றும் தெரியாத வீட்டில், இரவு காற்று திசை மாறியதும் நெடி ஏறலாம். இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை போய் நில்லுங்கள். மணலியிலும் கொடுங்கையூரிலும் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அந்த அளவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு நாள் அளவை நம்பாமல் சில வாரம் தொடர்ந்து பாருங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியிருந்தது. தலைமுறைகளாக அங்கே வாழும் மீனவ மக்களுக்குப் போக வேறு இடமில்லை; அவர்கள் கேட்பது சுத்தமான காற்று, அது அவர்கள் உரிமை. புதிதாக வீடு தேடும் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. வீட்டில் வீசிங் இருக்கும் குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ள பெரியவரோ இருந்தால், ஆலைகளுக்கும் கிடங்குக்கும் பக்கத்துத் தெருக்களை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

பள்ளியும் ஒப்பந்தமும்

பள்ளி ஒரு கிலோமீட்டர்தான் என்பார்கள். அந்த ஒரு கிலோமீட்டரில் டிரெய்லர் ஓடும் சாலையைக் குழந்தை கடக்க வேண்டுமா, நடைபாதை இருக்கிறதா என்று காலை எட்டரை மணிக்கு நடந்து பாருங்கள். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படியான 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்தால், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது முக்கியம். பிரசவமோ அவசரமோ என்றால் ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, பெரியார் நகர் அரசு மருத்துவமனை இவற்றில் எது பக்கம், வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டால் பேரம் பேசத் தயங்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, சப் மீட்டரா என்று கேளுங்கள். இலவச மின்சார யூனிட்டுகள் ஓர் இணைப்புக்குத்தான். நான்கு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் அது உங்களுக்கு வந்து சேராது.

வாங்கும் எண்ணம் இருந்தால், அதே ஏரியாவில் ஓர் ஐப்பசி, கார்த்திகை வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். ஏரி, கால்வாய்ப் புறம்போக்கு இந்தப் பக்கம் அதிகம் என்பதால் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பில்டரின் வழக்கறிஞர் போதாது. பொதுவாக முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வீட்டு விலைக்கு மேல் வரும்; பில்டரிடம் புது அடுக்குமாடி வாங்கினால் இது குறையலாம். பெரும்பாலும் வங்கிக் கடனில் இது சேராது. கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.