சிரூட் அடைவுக்குள் லினக்ஸ் கர்னலைத் தொகுக்கும் முறை

லினக்ஸின் மையமான கர்னலைத் தொகுப்பதற்கான கம்பைலரும் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) நூலகங்களும் அன்றாடக் கணினியில் குவிவதை விரும்பாதவர்களுக்கும், வேறொரு லினக்ஸ் வெளியீட்டின் கம்பைலரைக் கொண்டு தொகுக்க வேண்டியவர்களுக்கும் சிரூட் ஏற்ற வழியாகும். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற இந்த வசதி, நாம் குறிப்பிடும் அடைவையே (கோப்புறையையே) கோப்பு மரத்தின் உச்சியான ரூட் அடைவு என்று ஒரு செயல்முறைக்குக் (இயங்கும் நிரலுக்குக்) காட்டுகிறது. அதற்கு மேல் எதையும் செய்வதில்லை. உள்ளிருந்து, கர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையை இயக்கினாலும், வெளியே ஓடும் கர்னலின் பதிப்பு எண்ணே வரும். தனிமைப்படுவது கருவிகள் மட்டுமே என்பதால், தொகுப்பதை உள்ளேயும் நிறுவுவதை வெளியேயும் வைத்துக்கொள்வது நல்லது.

டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஓடும் கணினி ஒன்றில் டிபூட்ஸ்ட்ராப் பொதியை (நிறுவத்தக்க மென்பொருள் தொகுதி) நிறுவி, டெபியன் வெளியீட்டின் பெயரையும் இலக்கு அடைவையும் கொடுத்து ரூட் (முழு நிர்வாக) உரிமையுடன் இயக்கினால், அந்த அடைவுக்குள் ஒரு சிறிய டெபியன் உருவாகிவிடும். பில்ட்-டி என்னும் வகையைத் தேர்ந்தெடுத்தால் அடிப்படைத் தொகுப்புக் கருவிகளும் உடன் வரும். இலக்கு அடைவு இருக்கும் வட்டுப் பகிர்வு, சாதனக் கோப்புகளைத் தடுக்கும் நோடெவ் அல்லது நிரல்கள் இயங்குவதைத் தடுக்கும் நோஎக்ஸெக் விருப்பத்துடன் ஏற்றப்பட்டிருந்தால் (மவுண்ட் செய்யப்பட்டிருந்தால்) டிபூட்ஸ்ட்ராப் தொடக்கத்திலேயே நின்றுவிடும். வட்டில் 30 ஜிபி இடமாவது காலியாக இருக்கட்டும்.

அடுத்து, கர்னலையும் சாதனங்களையும் அணுக உதவும் ப்ராக், சிஸ், டெவ் ஆகிய சிறப்பு அடைவுகளை அந்த அடைவுக்குள் ஏற்ற வேண்டும். டெவ் அடைவை ஆர்பைண்ட் முறையில் உட்பிரிவுகளோடு ஏற்றுவோர், உடனே அதை ஆர்ஸ்லேவ் (உள்ளே செய்யும் மாற்றம் வெளியே பரவாத நிலை) என மாற்றிவிட வேண்டும். இல்லையேல், பின்னர் உள்ளே ஏற்றியதை இறக்கும்போது (அன்மவுண்ட் செய்யும்போது) வெளியிலுள்ள டெவ் அடைவின் உட்பிரிவுகளும் சேர்ந்து இறங்கிவிடக்கூடும். பிறகு உள்ளே நுழைந்து பிசி, பைசன், ஃப்ளெக்ஸ், ஆர்சிங்க், சிபியோ, கேமாட், டெப்ஹெல்ப்பர் ஆகிய கருவிகளையும், ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப், என்கர்சஸ் நூலகங்களின் மேம்பாட்டுப் பொதிகளையும் நிறுவிக்கொண்டு, தொகுப்பு வேலைக்கென ஒரு சாதாரணப் பயனரை உருவாக்க வேண்டும். ரூட் உரிமை பெற்ற செயல்முறை சிரூட்டைத் தாண்டி வெளியேற முடியும். ஆகவே இதைப் பாதுகாப்புச் சுவராகக் கருதலாகாது.

கர்னல் மூல நிரலைக் கர்னல் டாட் ஆர்க் தளத்திலிருந்து பதிவிறக்கியதும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். அக்கையொப்பம் சுருக்கப்பட்ட எக்ஸ்இசட் கோப்புக்கு உரியதன்று, சுருக்கம் நீக்கிய டார் கோப்புக்கு உரியது. எனவே முதலில் சுருக்கத்தை நீக்கிவிட்டே சரிபார்க்க வேண்டும்.

பொறுமை தேவைப்படும் இடம், கர்னலில் எந்த வசதிகள் இருக்க வேண்டும் எனத் தேர்ந்தெடுக்கும் உள்ளமைவுதான். வெளியே பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பு சிரூட்டுக்குள்ளிருந்து தெரியாது என்பதால், அதை வெளியிலிருந்தே மூல நிரல் அடைவுக்கு நகலெடுத்து, புதிய விருப்பங்களுக்கு இயல்பு மதிப்பை இடும் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கட்டளையை இயக்க வேண்டும். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் இன்னும் சிறிய கர்னலைத் தரும்; ப்ராக் ஏற்றப்பட்டிருக்கும் வரை, வெளியே அந்நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (கர்னலில் தேவைக்கேற்பச் சேரும் கூறுகளை)ப் பார்த்து மற்றவற்றை அது நீக்கிவிடும். யுஎஸ்பி வட்டு, வெப்கேமரா போன்றவற்றை முன்கூட்டியே செருகிவைப்பது இதனால்தான். டெபியனின் உள்ளமைவு, நம்பகச் சான்றிதழ் விருப்பத்தில் டெபியன் கட்டமைப்பில் மட்டுமே இருக்கும் கோப்பு ஒன்றைச் சுட்டும். அதை வெற்றுச் சரமாக்காவிட்டால், கோப்பை உருவாக்க விதி இல்லை என்ற பிழையுடன் தொகுப்பு நின்றுவிடும். பிழைநீக்கத் தகவலை மெனுகான்ஃபிக் என்னும் உள்ளமைவுப் பட்டியலில் அணைத்துவிட்டால் இடமும் நேரமும் வெகுவாக மிச்சமாகும். லோக்கல்வெர்ஷன் இடத்தில் தனிப் பின்னொட்டு ஒன்றைச் சேர்ப்பதும் அவசியம்; அப்போதுதான் அதே எண்ணுள்ள பழைய கர்னலின் மாட்யூல் அடைவோடு புதியது மோதாது.

மேக் பின்டெப்-பிகேஜி கட்டளையை, செயலிக் கருக்களின் எண்ணிக்கையை ஜே விருப்பத்தில் கொடுத்து இயக்கினால், நிறுவத் தயாரான டெப் பொதிகள் மூல நிரல் அடைவுக்கு ஒரு படி மேலே வந்து நிற்கும். நினைவகம் குறைவான கணினியில் அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

நிறுவும் முன் தொகுத்த கர்னலான பிசட்இமேஜ் கோப்பைக் கியூஇஎம்யூ என்னும் மெய்நிகர் கணினியில் ஏற்றி, அதன் செய்திகளைச் சீரியல் கன்சோலுக்குத் (எழுத்து முனையத்துக்குத்) திருப்பிப் பார்ப்பது பயனுள்ளது. வட்டு எதுவும் கொடுக்காதபோது, ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்ற பேனிக் (கர்னல் நின்றுவிடும் பிழை) செய்தி வரும். கர்னல் அதுவரை நலமாக எழுந்துவிட்டது என்றே அதற்குப் பொருள். பொதிகளைச் சிரூட்டுக்குள் நிறுவினால் கர்னல் அங்குள்ள பூட் அடைவுக்கே போகும். கணினியின் பூட் பட்டியலில் அது சேராது. ஆகவே பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையைக் கொண்டு வெளியே நிறுவி, பழைய கர்னலையும் நீக்காமல் வைத்திருக்க வேண்டும். கையொப்பத்தைச் சோதித்தே கணினியைத் தொடங்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கணினி நம்பும் சாவியால் கையொப்பமிடாத கர்னலைக் கணினி ஏற்காது.

சிரூட்டை நீக்கும்போது உள்ளே ஏற்றியவற்றை முதலில் இறக்கி, எதுவும் எஞ்சவில்லை என்பதை ஃபைண்ட்மவுண்ட் கட்டளை மூலம் உறுதிசெய்ய வேண்டும். டெவ் ஏற்றப்பட்ட நிலையில் அடைவை அழித்தால் வெளியிலுள்ள சாதனக் கோப்புகளே அழிந்துபோகும். அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு ஒன்-ஃபைல்-சிஸ்டம் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், தவறி விடுபட்ட வேறு கோப்பமைப்புகளுக்குள் அது நுழையாது.