கலிஃபோர்னியாவில் பொது ஒப்பந்ததாரர் உரிமம் பெறும் முறை

கலிஃபோர்னியாவில் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் கட்டட வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்க, மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் உரிமம் வேண்டும். 2024 வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. தொகை 1,000 டாலருக்குக் குறைந்தாலும், வேலைக்குப் பெர்மிட் தேவைப்பட்டாலோ ஆள் வைத்துச் செய்தாலோ உரிமம் கட்டாயம். உரிமமின்றிச் செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட முடியாது. வேலையில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், நீங்கள் வாங்கிய பணத்தை, வேலை கொடுத்த வீட்டுக்காரர் நீதிமன்றம் மூலம் திரும்பப் பெறலாம்.

படி 1: எந்த உரிமம் என்று முடிவு செய்யுங்கள். சாலை, அணை போன்றவற்றுக்கு ‘ஏ’, கட்டடங்களுக்கு ‘பி’, தனித்தனித் தொழில்களுக்கு ‘சி’. பொது ஒப்பந்ததாரர் என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் ‘பி’ உரிமம் உள்ளவரைத்தான். மின் வேலை மட்டும் செய்பவருக்கு ‘சி-10’, குழாய் வேலை மட்டும் செய்பவருக்கு ‘சி-36’ போதும்.

படி 2: அனுபவத்தை நிரூபியுங்கள். விண்ணப்பத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால், மற்ற எதற்கும் முன் இதில் இறங்குமாறு வலியுறுத்துகிறேன். கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டுகள், பிறர் மேற்பார்வையின்றி வேலை செய்யத் தெரிந்த முழுத் தொழிலாளியாகவோ, மேஸ்திரியாகவோ, மேற்பார்வையாளராகவோ, ஒப்பந்ததாரராகவோ இருந்திருக்க வேண்டும். எடுபிடி வேலையும் பயிற்சிக் காலமும் இதில் சேரா. கல்லூரிப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை கழிவு கிடைக்கலாம். மீதி நேரடி அனுபவமாகவே இருக்க வேண்டும். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த முதலாளியோ, சக தொழிலாளியோ, கட்டட ஆய்வாளரோ, பொறியாளரோ சான்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வாரியம் கேட்கும்போது காட்ட, சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், ஒப்பந்தம், பெர்மிட் நகல் ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். ‘பி’ உரிமத்துக்கு மரச்சட்ட வேலை உட்பட ஒரு கட்டடத்தின் பல பகுதிகளிலும் கை பட்டிருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடு மட்டும் பதித்தவருக்கு அந்த அனுபவம் இங்கே உதவாது.

படி 3: விண்ணப்பித்துத் தேர்வு எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம் 450 டாலர். ‘சட்டமும் வணிகமும்’ என்று ஒரு தாள், தொழில் பற்றி இன்னொரு தாள். இரண்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தொழிலில் கை தேர்ந்தவர்கள் முதல் தாளை இலேசாக எண்ணிவிடக் கூடாது. ஒப்பந்தச் சட்டம், கணக்கு, பணியாளர் பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகையும் பதிய வேண்டும்.

படி 4: பிணையும் காப்பீடும். 2023 முதல் 25,000 டாலர் பிணைப் பத்திரம் தேவை. முழுத் தொகையையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. பிணை நிறுவனத்துக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் போதும், அது உங்கள் கடன் வரலாற்றைப் பொறுத்து மாறும். ஆனால் இந்தப் பிணை வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு. உங்கள் தவறுக்காக நிறுவனம் இழப்பீடு கொடுத்தால், அந்தத் தொகையை உங்களிடமே வசூலிக்கும். ஆள் வைத்திருந்தால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் எடுக்க வேண்டும். தனி உரிமையாளருக்கு முதல் உரிமக் கட்டணம் 200 டாலர்.

உரிமம் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் எண்ணை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் விளம்பரத்திலும் அச்சிட வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணமாக, ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது.