சீனாவில் அரைநாள் ஆற்றுப் படகு: இறங்கும் துறையிலிருந்து திட்டம் போடுங்கள்

விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறிப் பழகிய நமக்கு ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. வரிசையில் நிற்போம், லைஃப் ஜாக்கெட்டை மாட்டுவோம், பாறையைச் சுற்றிவிட்டு கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் காலடிக்கும் போய்விட்டு, ஏறின துறைக்கே திரும்பி வந்து இறங்குவோம். கார் அங்கேயே நிற்கும், பை அதற்குள் இருக்கும். சீனாவில் லி ஆற்றுப் படகுக்கு இதே கணக்கோடு போனால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் படகு ஆளை ஏற்றி ஆற்றோடு கீழே கொண்டுபோய் வேறொரு ஊரில் இறக்கிவிடும், அவ்வளவுதான். ஆகவே எங்கே ஏறுவது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே இறங்குவது, அன்று ராத்திரி எங்கே தூங்குவது, பெட்டி எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். மீதியெல்லாம் தானாக அமைந்துவிடும்.

நாங்கள் நாகர்கோவிலிலிருந்து நாலு பேர் போனோம், அம்மா, அண்ணன், மைனி, நான். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் எந்த ஆறு என்பது. சீன ஆற்றுப் பயணம் என்று தேடினால் யாங்சே ஆறுதான் முதலில் வரும். சோங்சிங்கில் ஏறி மூன்று பள்ளத்தாக்குகளையும் பார்த்து யிச்சாங் பக்கம் இறங்க, ஆற்றோடு போனால் வழக்கமாக மூன்று ராத்திரி, எதிர்த்துப் போனால் நாலு. நல்ல பயணம்தான், வழியில் வருகிற மூன்று பள்ளத்தாக்கு அணையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நம் பேச்சிப்பாறை அணையை மனதில் வைத்துக்கொண்டு போனால் திகைத்துப்போவீர்கள். ஆனால் மொத்தமே ஏழு நாள் லீவில் போகிறவர்களுக்கு அது சரிவராது. இன்னொரு பக்கம் ஷாங்காயில் ஹுவாங்பு ஆற்றில் ஒரு மணி நேர விளக்குப் படகு இருக்கிறது, குவாங்சோவில் முத்து ஆற்றில் ராத்திரிப் படகு இருக்கிறது. இரண்டும் கட்டடம் பார்க்கிற படகுகள். ஷாங்காயில் அதற்காகப் பெரிய டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கிற இரண்டு யுவான் படகில் ஏறி நின்றாலே பாதி காட்சி கிடைத்துவிடும். மலையும் ஆறும் சேர்ந்த இயற்கைக் காட்சி, அதுவும் ஒரே நாளில் வேண்டும் என்றால் லி ஆறுதான். குய்லினிலிருந்து யாங்ஷுவோ வரை 83 கிலோமீட்டர், கப்பலில் நாலு முதல் ஐந்து மணி நேரம். சுண்ணாம்புக்கல் மலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பச்சை போர்த்திக்கொண்டு தண்ணீரிலிருந்தே கிளம்பின மாதிரி நிற்கும்.

எப்போது போவது என்பதில் நம்மூர்க்காரர்களுக்கு இரண்டு பொறி இருக்கிறது. பள்ளிக்கூட லீவு என்று ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் கிளம்பத் தோன்றும். நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் நடக்கிற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே காலம்தான் குய்லினில் மழை கொட்டுகிற காலமும். வெள்ளம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். சரி, காலாண்டுப் பரீட்சை லீவில் போகலாமே என்றால், அது அக்டோபர் 1-இல் தொடங்குகிற அவர்களுடைய தேசிய நாள் விடுமுறை வாரத்தில் போய் இடிக்கும். அந்த ஒரு வாரம் சீனாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கும், ரயில் டிக்கெட்டும் கிடைக்காது, ரூமும் கிடைக்காது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை நல்லது. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் வற்றி கப்பல் முழுத் தூரமும் ஓடாமல் போகலாம்.

விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று வீடியோக்களில் சொல்வார்களே, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஹாங்காங் வழியாகப் போகிறவர்கள் அதற்கு ஆன்லைனில் தனியாக முன்பதிவு செய்துகொள்ளுங்கள், சீன விசா அதற்கும் மேலே தனி. திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூரோ சிங்கப்பூரோ மாறி குவாங்சோ போய் இறங்குவது நமக்கு வசதி. குவாங்சோ தெற்கு ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் குய்லின் இரண்டரை, மூன்று மணி நேரம்.

டிக்கெட் எல்லாமே பாஸ்போர்ட் பெயரில்தான், ரயிலும் சரி, படகும் சரி. நம்மில் பாதிப்பேருக்கு அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியலாகவும் இன்னொரு இடத்தில் முழுசாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். மைனியின் டிக்கெட்டில் அவசரத்தில் இனிஷியலைப் போட்டுவிட்டு, கவுன்டரில் போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் மன்றாடினோம்.

இப்போது படகு. பெரிய கப்பல்கள் குய்லின் நகரத்துக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. மோபன்ஷான், ஜுஜியாங் என்று இரண்டு துறை, நகரத்திலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டும். உங்கள் டிக்கெட் எந்தத் துறைக்கு என்று பார்த்துவிட்டு வண்டி பேசுங்கள், இரண்டும் வேறு வேறு இடம். கப்பல் ஒன்பது, ஒன்பதரை வாக்கில் கிளம்பும், ஆகவே ஏழரைக்கே ரூமைவிட்டு இறங்க வேண்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அதாவது உங்கள் உடம்புக்கு அது காலை ஐந்து மணி. முதல் நாள் பாதிராத்திரியில் போய் இறங்கி மறுநாள் காலையே கப்பல் வைக்காதீர்கள். ஒருநாள் குய்லினில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

டிக்கெட் வாங்கும்போது அது கப்பலா தெப்பமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு ஏஜென்ட் முதலில் 'லி ஆற்றுப் பயணம்' என்று விற்றது தெப்பம். நல்லவேளை, முந்தின நாளே தெரிந்து மாற்றிக்கொண்டோம். யாங்டி என்ற ஊருக்கும் சிங்பிங்குக்கும் நடுவே ஓடுகிற இந்தத் தெப்பங்களை மூங்கில் தெப்பம் என்றுதான் எழுதியிருப்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் பிளம்பிங் கடையில் கிடைக்கிற மாதிரி தடித்த பிவிசி குழாய்களை வரிசையாக அடுக்கி, முனையை மேலே வளைத்து, பின்னால் மோட்டார் வைத்திருப்பார்கள். கட்டுமரத்திலிருந்து ஃபைபர் வள்ளத்துக்கு மாறின ஊர்க்காரன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெயில், சத்தம், காலில் தண்ணீர் எல்லாம் உண்டு, பெரிய பெட்டிக்கு இடம் கிடையாது. வயதானவர்கள் இருந்தால் கப்பல். மெய்யான மூங்கில் தெப்பம் வேண்டுமென்றால் யாங்ஷுவோ பக்கத்தில் யூலோங் ஆற்றுக்குப் போங்கள், அங்கே மோட்டார் கிடையாது, ஒரு ஆள் கழி ஊன்றித் தள்ளுவார், தெப்பத்துக்கு இரண்டு பேர். வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது, அதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில் சீட் நம்பர் கீழ்த்தளத்தில் இருக்கும். ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் மேல்தளத்தில் நின்றால்தான். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் மேலே ஓடுவார்கள், அப்போது நீங்கள் கீழே உட்கார்ந்து டீ குடியுங்கள். யாங்டி தாண்டி சிங்பிங் வரைக்குமான பகுதிதான் இந்த ஆற்றின் உயிர். கொடுமை என்னவென்றால், எங்கள் கப்பலில் சரியாக அந்த நேரத்தில்தான் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டான். அம்மா மட்டும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே நின்றாள். ஒன்பது குதிரை மலை என்று ஒரு செங்குத்துப் பாறை வரும், அதில் படிந்த வெள்ளை, கறுப்பு, மஞ்சள் கறைகளில் ஒன்பது குதிரைகளையும் கண்டுபிடிப்பவர் அந்தக்கால அரசுத் தேர்வில் முதலாவதாக வருவார் என்பது உள்ளூர்ப் பேச்சு. அம்மா மூன்று எண்ணினாள். "நாலாவது பசு மாதிரில்லா இருக்கு மக்ளே" என்றாள். அண்ணன் சாப்பிட்டு ஏறி வருவதற்குள் மலை போய்விட்டது. அதைத் தாண்டி சிங்பிங்குக்கு முன்னால் வருவதுதான் 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற காட்சி. நோட்டை முன்னாலேயே பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அதை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பார்கள், கப்பல் உங்களுக்காக நிற்காது.

அந்த நோட்டுக்காகவாவது கொஞ்சம் ரொக்கம் தேவைப்படும், மற்றபடி அங்கே எல்லாம் போனில்தான். நம் யுபிஐ கடைகளில் உதவாது. கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே அலிபே என்கிற பணம் கட்டும் ஆப்பைப் போனில் இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் மூன்றும் அங்குள்ள வைஃபையில் திறக்காது. நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் திறக்கும். ஹோட்டல் பெயரையும் துறையின் பெயரையும் சீன எழுத்தில் படமாக வைத்திருங்கள், 'யாங்ஷுவோ' என்று நாம் சொல்கிற விதம் எந்த டிரைவருக்கும் புரியவில்லை. சீனாவுக்குள்ளே விமானம் ஏறுவதாக இருந்தால், 3சி (CCC) என்கிற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை அனுமதிக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை. யாங்ஷுவோவில் பீர் ஊற்றிச் சமைக்கிற ஆற்று மீன் பிரபலம். குளச்சல் மீன் தின்ற நாக்குக்கு முள்ளும் சேற்று வாசனையும்தான் தெரியும். ஒருமுறை ருசி பாருங்கள், நாலு பேருக்கு ஒன்று போதும்.

இனி நாங்கள் சறுக்கின இடம். கப்பலில் யாங்ஷுவோவில் இறங்கிவிட்டு, பெட்டிகளை குய்லின் ஹோட்டலில் வைத்துவிட்டோம் என்பதால் ராத்திரியே பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் யாங்ஷுவோவைச் சுற்றிப் பார்க்க மறுபடி ரயில் ஏறி 'யாங்ஷுவோ' ஸ்டேஷனில் இறங்கினால், அது ஊரிலேயே இல்லை, சிங்பிங் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். இரண்டு நாளில் ஒரே வழியை மூன்று தடவை அளந்தோம்.

இதை இப்படித் திருப்பிப் போடுங்கள். முதல் நாள் குவாங்சோவிலிருந்து ரயிலில் குய்லின். இரண்டாம் நாள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கப்பல், யாங்ஷுவோவில் இறங்கி பேட்டரி வண்டியில் மேற்குத் தெருப் பக்கம் ரூம். மூன்றாம் நாள் யூலோங் தெப்பம். நாலாம் நாள் அந்தத் தள்ளி இருக்கிற யாங்ஷுவோ ஸ்டேஷனுக்கு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே பஸ் பிடித்து, அங்கிருந்து நேரே குவாங்சோ. குய்லினுக்குத் திரும்பவே வேண்டாம். பெட்டி மட்டும் ஒரு ஆள் தனியாகத் தூக்குகிற அளவில் இருக்கட்டும், கப்பல் ஏறும் துறையில் படிகள் உண்டு, தூக்கிவிட அண்ணன் வரமாட்டான், அவன் சாப்பாட்டு வரிசை எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பான்.